பத்து வயசில பிள்ளையளப் பிரிக்கிற ஜெர்மன் பள்ளிக்கூடம், உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

நாங்க இருக்கிறது நோர்ட்ரைன் வெஸ்ட்பாலன் மாநிலம். நாலாம் வகுப்பு முடியவே பிள்ளையளக் கூடுதலா மூண்டு பக்கம் பிரிச்சுடுவினம், யூனிவர்சிட்டி போக கிம்னாசியம், நடுவில றியால்ஷூலே, கடைசியில ஹவுப்ட்ஷூலே. 2012ல என்ர மூத்தவளுக்குப் பத்து வயசு. கணக்கில கெட்டிக்காரி, ஆனா வகுப்பில வாய் திறக்க மாட்டாள். டீச்சர் கூப்பிட்டு "ஹவுப்ட்ஷூலேதான் பிள்ளைக்குச் சுகம், வீட்டில உங்களால சொல்லிக் குடுக்க ஏலாதுதானே" எண்டு சிரிச்ச முகத்தோட சொன்னா. மேசையில றிப்போர்ட் கிடந்தது, ஜெர்மன் 4, கணக்கு 2, இங்க 1 தான் திறம். கணக்கில 2 எடுத்த பிள்ளைய ஏன் அங்க விடுறியள் எண்டு கேக்க எனக்குப் பாஷையும் இல்ல துணிவும் இல்ல, தலைய ஆட்டிப்போட்டு வந்திட்டன். அந்தப் பரிந்துரை கட்டாயமில்ல, முடிவு தாய் தகப்பன்ர கையிலதான் எண்டு பேந்துதான் தெரியும்.

புதுப் பள்ளிக்கூடத்தில பாத்தா துருக்கி, லெபனான், அல்பேனியா, எங்கட பிள்ளை. ஜெர்மன் பிள்ளையள் ரெண்டு மூண்டு பேர்தான். ஜெர்மன் காணாது எண்டுதானே அங்க விட்டது, அங்க ஆரோட கதைச்சுப் பழகிறது? நாலு வருஷம் பக்கத்தில இருந்து படிச்ச எதிர்வீட்டுப் பிள்ளை கிம்னாசியம் போனது, காலமை ரெண்டும் ஒரே பஸ், ஒரு மாசத்தில அது பின்னுக்குப் போய்த் தன்ர வகுப்புப் பிள்ளையளோட இருக்கத் தொடங்கிட்டுது, பிறந்தநாளுக்கும் கூப்பிடேல்ல.

அக்கா, வாசிக்க நெஞ்சு இறுகிட்டுது. நான் ஹம்பேர்க், 90களில அதே ஹவுப்ட்ஷூலேயில இருந்து வந்தவன். 2010 ஜூலையில, ஆரம்பப் பள்ளிய ஆறு வருஷமாக்கி பிள்ளையள ஒண்டா வைச்சிருப்பம் எண்டு அரசாங்கம் கொண்டு வந்தத மக்கள் வாக்கெடுப்பில தோக்கடிச்சுப் போட்டினம். என்னட்ட அப்ப ஜெர்மன் பாஸ்போட் இல்ல. என்னைப்போல எத்தினை தாய் தகப்பன் அண்டைக்கு வோட் போட ஏலாம வீட்டில இருந்தவை, கதை எங்கட பிள்ளையளப் பற்றினது! சின்னவர எங்க விட்டனீங்கள் அக்கா?

தம்பி, அவனுக்கும் டீச்சர் ஹவுப்ட்ஷூலே எண்டுதான் சொன்னவ. மூத்தவள் அப்ப பெருஃப்ஸ்கொலெக் எண்ட தொழிற்பள்ளியில அபிட்டூருக்கு, யூனிவர்சிட்டி போறதுக்கான சோதினைக்கு, படிச்சுக்கொண்டிருந்தவள், அவளும் என்னோட வந்தவள். நான் வாய் திறக்க முந்தியே றிப்போர்ட்டில விரல வைச்சு, "கணக்கு 2, பிறகேன்?" எண்டு ஜெர்மனில கேட்டாள். டீச்சர் கொஞ்ச நேரம் பேப்பரையே பாத்துக்கொண்டிருந்தா. இப்ப அவன் எல்லாரும் ஒண்டாப் படிக்கிற கெசாம்ட்ஷூலேயில.