அமெரிக்கத் துறைமுகங்களில் டீவியேஷன் லெட்டர்: வாங்கியவர்கள், வாங்காமல் மாட்டியவர்கள்

வாடைக்காற்று:

அமெரிக்கா போகும் வழியில் ரேடாரோ கைரோவோ (திசைகாட்டி) படுத்துவிட்டால் என்ன செய்வது என்று புதிதாக மேட் (கப்பல் அதிகாரி) ஆன தம்பிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு நடந்ததை எழுதுகிறேன். மற்றவர்களும் எழுதுங்கள். கப்பல் பெயர், கம்பெனி பெயர் மட்டும் வேண்டாம்.

அப்போது நான் ஒரு பல்க் கேரியரில் செகண்ட் மேட். ஹூஸ்டனுக்கு ஸ்டீல் காயில் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தோம். மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்த இரவில் எங்கள் இரண்டு ரேடாரில் ஒன்றான எஸ்-பேண்ட் ரேடாரின் ஆன்டெனா சுற்றுவதை நிறுத்திவிட்டது. விடிந்ததும் எலக்ட்ரீஷியனும் நானும் மாஸ்ட்டில் ஏறிப் பார்த்தோம். ஸ்கேனர் கியர்பாக்ஸில் பல் உடைந்து, எண்ணெயோடு இரும்புத்தூள் கலந்து ஒழுகியிருந்தது. கையால் தள்ளினால் பாதிச் சுற்று வரும், அப்புறம் கறகறவென்று நின்றுவிடும். ஸ்பேர் கிடையாது.

எக்ஸ்-பேண்ட் ரேடார் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அமெரிக்க விதி 33 சி.எஃப்.ஆர். 164 என்ன சொல்கிறதென்றால், 10,000 கிராஸ் டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலுக்கு ஒன்றையொன்று நம்பியிராத இரண்டு ரேடார் வேண்டும். ஒன்றோடு உள்ளே வர வேண்டுமானால் அந்தப் பகுதியின் கோஸ்ட் கார்டு பொறுப்பதிகாரியிடம், அதாவது ‘கேப்டன் ஆஃப் தி போர்ட்’டிடம், எழுத்தில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். விதியிலிருந்து விலக்குத் தரும் அந்த அனுமதிதான் எல்.ஓ.டி., அதாவது ‘லெட்டர் ஆஃப் டீவியேஷன்’.

எங்கள் கேப்டன் முதல் வேலையாகத் தகவல் சொல்லிவிட்டார். ரேடார், கைரோ, எக்கோ சவுண்டர் (ஆழம் அளக்கும் கருவி), முதன்மை ஸ்டீயரிங் போன்றவை கெட்டால் முடிந்தவரை சீக்கிரம் தெரிவிப்பது கட்டாயம். அதற்குப் பிறகுதான் விலக்குக் கேட்கும் கடிதம். இரண்டும் தனித்தனி வேலை. பலர் கடிதத்துக்குப் பேப்பர் சேரட்டும் என்று காத்திருந்து தகவலையும் தாமதமாக்குகிறார்கள். 96 மணி நேரத்துக்கு முன் அனுப்புகிற வருகை அறிவிப்பிலும் 164-ஆம் பகுதிச் சாதனங்களின் நிலை என்ன என்று ஒரு கேள்வி இருக்கிறது. நாங்கள் ‘எல்லாம் சரி’ என்று ஏற்கெனவே அனுப்பியிருந்ததால் அதையும் திருத்தி அனுப்பினோம்.

கடிதத்தை நான்தான் டைப் செய்தேன். முதல் வரைவில் வருந்துகிறோம், தயவுகூர்ந்து என்றெல்லாம் எழுதியிருந்தேன். கேப்டன் எல்லாவற்றையும் அடித்துவிட்டார். எது கெட்டது, எப்போது கெட்டது, எந்த விதியின் எந்தப் பத்தி, என்னென்ன இன்னும் வேலை செய்கிறது, அதுவரை நாங்கள் கூடுதலாக என்ன செய்வோம், டெக்னீஷியன் எந்த பெர்த்தில் (துறைமுகத்தில் கப்பல் நிற்கும் இடம்) எந்தத் தேதியில் வருவார். அவ்வளவுதான் மிஞ்சியது. கிளாஸ் (கப்பலைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) கொடுத்த குறிப்பையும் கொடி நாட்டு (கப்பல் பதிவான நாடு) அனுமதியையும் இணைத்தோம்.

மறுநாளே பதில் வந்தது. பகலில் மட்டும் வரலாம். மூடுபனி இருந்தால் வரக்கூடாது. லுக்அவுட்டுக்குக் கூடுதல் ஆள். பைலட் (துறைமுகத்துக்குள் வழிகாட்ட ஏறுபவர்) ஏறியதும் அவரிடம் சொல்ல வேண்டும். இன்னொரு ரேடாரிலும் கோளாறு வந்தால் அந்த நிமிடமே வி.டி.எஸ்.ஸுக்கு (கப்பல் போக்குவரத்தைக் கண்காணிக்கும் நிலையம்) தகவல். ரிப்பேர் முடியாமல் பெர்த்தை விட்டுக் கிளம்பக்கூடாது.

குளிர்காலத்தில் ஹூஸ்டனுக்கு நுழைவாயிலான கால்வெஸ்டன் பக்கம் போனவர்களுக்கு அந்த மூடுபனி நிபந்தனை எவ்வளவு கனமானது என்று தெரியும். மற்ற கப்பல்கள் பனி விலகிய கொஞ்ச நேரத்தில், இரவோ பகலோ, உள்ளே போய்விட்டன. நாங்கள் வெளியே நங்கூரம் போட்டு, பகலும் தெளிவும் ஒன்றாக வருவதற்குக் காத்திருந்தோம். சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) ஆஃப்-ஹயர், அதாவது இந்த நேரத்துக்கு வாடகை கிடையாது, என்று மெயில் போட்டுக்கொண்டே இருந்தார்.

உள்ளே போனபோதுதான் நிபந்தனை ஏன் என்று புரிந்தது. கால்வெஸ்டன் விரிகுடாவில் ஹூஸ்டனுக்குப் போகும் கப்பல் கால்வாய் அப்போது 530 அடி அகலம். எதிரே ஒரு டேங்கர் நடுக்கோட்டில் நேருக்கு நேராக வருகிறது. நாமும் நடுக்கோட்டில் போகிறோம். அரை மைல் அளவுக்கு நெருங்கியதும் இரண்டு பைலட்டும் வலப்பக்கம் ஒடிக்கிறார்கள். இரண்டு கப்பலின் முன்தள்ளும் நீரும் ஒன்றையொன்று விலக்க, பக்கத்தில் உரசாத குறையாகக் கடந்து மறுபடி நடுவுக்கு வருகிறோம். இதற்கு ‘டெக்சாஸ் சிக்கன்’ என்று பெயர். பைலட் காபியைக் கீழே வைக்கக்கூட இல்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. இதைப் பனியில், ஒரே ரேடாரோடு செய்ய எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார்.

எஞ்சின்ரூம் எலி:

சார், டெக் ஆட்கள் ரேடாரைப் பற்றி எழுதிவிட்டீர்கள். கீழே இருப்பவர்கள் கதையும் ஒன்று.

நான் செகண்ட் இன்ஜினியர். மிசிசிப்பிக்குள் தானியம் ஏற்றப் போகிறோம். அமெரிக்க விதிப்படி நுழைவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் ஸ்டீயரிங், எமர்ஜென்சி ஜெனரேட்டர், மெயின் எஞ்சின் முன்னும் பின்னும் என்று எல்லாம் சோதிக்க வேண்டும். ஆற்று முகத்துவாரமான சவுத்வெஸ்ட் பாஸுக்கு வெளியே அந்தச் சோதனையில்தான் இரண்டாவது ஸ்டீயரிங் பம்ப்பின் ஷாஃப்ட் சீல் போய்விட்டது தெரிந்தது. பம்ப் ஓடும், ஆனால் ஸ்டீயரிங் ஃபிளாட்டில் ஹைட்ராலிக் எண்ணெய் குளம் கட்டும். சுக்கான் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வர எடுக்கும் நேரமும் கூடிவிட்டது.

கேப்டன் விலக்குக் கேட்டார். ரேடாருக்குப் போல மறுநாள் பதில் வரவில்லை. கிளாஸ் சர்வேயர் நேரில் வந்து பார்த்த அறிக்கை கேட்டார்கள். கூடவே டக் போட் (இழுவைப் படகு) வேண்டும் என்றார்கள். ஆற்றில் வெள்ள காலம் அது. நியூ ஆர்லியன்ஸில் ஆற்று மட்டம் காட்டும் காரல்டன் அளவுகோல் 8 அடியைத் தொட்டு ஏறிக்கொண்டிருந்தால் அல்ஜியர்ஸ் முனை வளைவில் போக்குவரத்து விளக்கை இயக்கத் தொடங்குவார்கள். அந்த அளவுக்கு நீரோட்டம். அதில் ஒற்றைப் பம்ப்போடு ஒரு கப்பல் வளைவு திரும்புவதை அவர்கள் எப்படி ஒப்புக்கொள்வார்கள்? கடைசியில் சீல் செட்டை லாஞ்சில் வரவழைத்து வெளியிலேயே மாற்றிவிட்டோம். விலக்கே தேவைப்படவில்லை.

2024 மார்ச் 26-இல் பால்டிமோரில் டாலி கப்பல் கரண்ட் போய்ப் பாலத்தில் மோதி ஆறு பேர் இறந்த பிறகு, எங்கள் கப்பலில் ஏறிய கோஸ்ட் கார்டு ஆட்கள் முதலில் இறங்கியதே எஞ்சின் ரூமுக்குத்தான். பிளாக்அவுட் எப்போது வந்தது, லாக் புத்தகத்தில் காட்டு என்றார்கள்.

கீழக்கரைக்காரன்:

என் கதை இனிப்பானது இல்லை.

எக்கோ சவுண்டர் கெட்டுவிட்டது. ஆழம் ஒரு நேரம் 12 மீட்டர், அடுத்த நொடி கோடு கோடாக. கம்பெனி சூப்பரின்டெண்டன்ட் (கரையிலிருந்து கப்பலைக் கவனிப்பவர்) போனில் சொன்னது: “வருகை அறிவிப்பில் ஓகே என்று போடு. உள்ளே போய்ச் சரிசெய்துகொள்ளலாம்.” கேப்டன் ரிட்டயர்மென்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர், எதிர்த்துப் பேசவில்லை. ஓகே என்று போனது.

பைலட் ஏறி ஐந்து நிமிடம் ஆகவில்லை. எக்கோ சவுண்டர் திரையைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார், ரேடியோவை எடுத்து வி.டி.எஸ்.ஸிடம் சொல்லிவிட்டார். கப்பல் திரும்பி நங்கூரத்துக்கு. அப்புறம் ஏறியவர்கள் எக்கோ சவுண்டரைப் பற்றி அதிகம் கேட்கவே இல்லை. எப்போது கெட்டது, யார் யாருக்குச் சொன்னாய், அறிவிப்பை அனுப்பியது யார், இதுதான் கேள்வி. அரசுக்குப் பொய்த் தகவல் கொடுப்பது அங்கே ஐந்து வருடம் வரை சிறை போகக்கூடிய கூட்டாட்சிக் குற்றம். எக்கோ சவுண்டரின் ஒரு கெட்டுப்போன டிரான்ஸ்டியூசருக்காக (ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்). வழக்கு வரை போகவில்லை, ஆனால் கப்பலைப் பிடித்து வைத்தார்கள். மெஸ் ரூமில் நாங்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து பதில் சொன்னோம். போனில் அந்த யோசனை சொன்னவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

தம்பிகளே, கம்பெனியிலிருந்து இப்படிச் சொன்னால் மெயிலில் அனுப்புங்கள் சார் என்று கேளுங்கள். அனுப்ப மாட்டார்கள். பேச்சும் அதோடு நின்றுவிடும்.

பழைய சூப்பரின்டெண்டன்ட்:

கீழக்கரைத் தம்பி சொன்ன மாதிரி ஆட்கள் எங்கள் இனத்தில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கரையிலிருந்து பார்த்ததைக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

மூன்று காகிதங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். கிளாஸ் கொடுப்பது ‘இத்தனை நாளுக்குள் சரிசெய்’ என்ற நிபந்தனை. கொடி நாடு கொடுப்பது அதுவரை சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதியிலிருந்து தளர்வு. சோலாஸ் ஐந்தாம் அத்தியாயம் 16-ஆம் விதியே, ரிப்பேர் வசதி இல்லாத துறைமுகத்தில் சாதனம் கெட்டதற்காக மட்டும் கப்பலை நிறுத்தி வைக்க வேண்டாம், மாஸ்டர் தக்க ஏற்பாடு செய்து ரிப்பேர் கிடைக்கும் துறைமுகத்துக்குப் போகட்டும் என்கிறது. இதை மேற்கோள் காட்டி ‘எங்களுக்கு உரிமை இருக்கிறது’ என்று ஹூஸ்டனில் வாதாடிய ஒரு கேப்டனை எனக்குத் தெரியும். ஹூஸ்டனில் ரிப்பேர் வசதி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

மூன்றாவது காகிதம் எல்.ஓ.டி. அது அந்த அதிகாரியின் எல்லைக்குள் மட்டும்தான் செல்லும். ஹூஸ்டனில் வாங்கியதைக் காட்டி கார்ப்பஸ் கிறிஸ்டிக்குள் போக முடியாது, நியூ ஆர்லியன்ஸுக்கும் போக முடியாது. அங்கே அங்கே தனியாகக் கேட்க வேண்டும். துறைமுகத்தில் கப்பலின் வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட்டும் மாறுவார், முந்தைய ஏஜென்ட் வாங்கியிருப்பார் என்று புது ஏஜென்ட் நினைத்துக்கொள்வார். துறைமுகம் மாறுகிற அன்று நீங்களே ஏஜென்ட்டுக்குப் போன் போடுங்கள்.

கொடி நாட்டுப் பதில்தான் பெரும்பாலும் இழுக்கும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன் அனுப்பிவிடுங்கள்.

உப்புத்தண்ணி:

ஒரு சந்தேகம். டக் போட்டுக்கு யார் பணம் கொடுப்பது?

பழைய சூப்பரின்டெண்டன்ட்:

கப்பல் முதலாளிதான் தம்பி. அதனால்தான் போனில் அந்த மாதிரி யோசனைகள் பிறக்கின்றன.

டெக்சாஸ் டெக்னீஷியன்:

நான் கப்பலில் இல்லை, கரையில் ரேடாரும் கைரோவும் ரிப்பேர் பார்க்கிறவன். ஊர் நாகப்பட்டினம். கேங்வேயில் ஏறியதும் தமிழ்க் குரல் கேட்டால் மாஸ்ட்டில் ஏறுகிற அலுப்பு பாதி போய்விடும்.

கப்பல்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கெட்டது எது என்று மெயில் அனுப்பும்போது ‘எஸ்-பேண்ட் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். மாடல், சீரியல் நம்பர், திரையில் வந்த அலாரம், மேக்னட்ரான் (ரேடார் அலையை உண்டாக்கும் குழாய்) ஓடிய மணி, கியர்பாக்ஸ் என்றால் பெயர்ப்பலகையின் படம். இது இல்லாமல் வந்து பார்த்து, அப்புறம் பாகம் ஆர்டர் செய்து, அது வருவதற்குள் எல்.ஓ.டி.யில் எழுதிய தேதி தாண்டிவிடும். தேதி தாண்டப்போகிறது என்று தெரிந்தால் தாண்டுவதற்கு முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். கெடு முடிந்த மறுநாள் கேட்டால் அது தனித் தலைவலி.

ரிப்பேர் முடிந்ததும் சர்வீஸ் ரிப்போர்ட் தருவேன். அதை கோஸ்ட் கார்டுக்கு அனுப்பினால்தான் அந்த விலக்கு கணக்கு மூடும். ‘பழுது நீக்கப்பட்டது’ என்று ஒற்றை வரியில் ரிப்போர்ட் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள், வாங்கிக்கொள்ளாதீர்கள். எந்தப் பாகம் மாற்றியது, எந்த ரேஞ்சில் சோதித்தது, எந்த மிதவையை எத்தனை மைலில் பிடித்தது என்று எழுதச் சொல்லி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் கேப்டனும் கையெழுத்துப் போட்ட பிறகு என்னைக் கேங்வேயில் இறங்க விடுங்கள்.