பச்சையாகிப்போன 5 லிட்டர் ஆசிட்: யாரிடம் கொடுப்பது?

1984 மாடல் புல்லட்டின் போல்ட், பிராக்கெட்டுகளில் துரு எடுக்க, கோவை கணபதியில் வீட்டு ஷெட்டில் மூன்று வாரமாக ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பயன்படுத்தினேன். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்றினேன். அப்படியும் சுவரில் தொங்கிய ஸ்பேனரெல்லாம் ஒரே இரவில் செம்பழுப்பாகத் துருப்பிடித்தன. எனக்கோ தொண்டை எரிச்சல், இருமல். என்95 மாஸ்க் தூசிக்குத்தான், ஆவிக்கு ஆகாது என்பது பிறகுதான் உறைத்தது. ஆசிட் கேஸ் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்கி, வேலையை வெட்டவெளிக்கு மாற்றியதும் இருமல் நின்றது.

மிச்சம் இந்த 5 லிட்டர். அமிலத்தன்மையைப் போக்க சமையல் சோடா ஒரு கைப்பிடி போட்டதற்கே நுரை பொங்கி பக்கெட்டுக்கு வெளியே வழிந்தது, நிறுத்திவிட்டேன். போல்ட்டில் இருந்த துத்தநாகப் பூச்சு வேறு இதில் கரைந்திருக்கும், சாக்கடையில் ஊற்ற மனமில்லை. பக்கத்து பிளேட்டிங் பட்டறையில் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கோவையில் இதை முறையாக யாரிடம் ஒப்படைக்கலாம்?