எம்.எல்.ஏ. வேலை செய்கிறாரா என்று எதை வைத்துச் சொல்வது?

மனு எழுதுகிறவள்:

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தட்டச்சு, இணைய விண்ணப்பம், மனு எழுதுவது எல்லாம் உண்டு. விளவங்கோடு, கிள்ளியூர் இரண்டு தொகுதி ஆட்களும் வருவார்கள். பாதிப் பேருக்குத் தங்கள் வீடு எந்தத் தொகுதியில் இருக்கிறது என்றே தெரியாது. வாக்காளர் அட்டையை வாங்கிப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும். 2024-இல் விளவங்கோட்டு உறுப்பினர் பதவி விலகி இடம் காலியாக இருந்ததே, ஏப்ரல் 19-இல் இடைத்தேர்தல் நடந்து ஜூன் 4-இல் முடிவு வரும் வரைக்கும்? அந்த மாதங்களிலும் "மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு" என்று அடிக்கச் சொன்னார்கள். அந்தப் பதவியில் இப்போது ஆளே இல்லையே என்றால், "நீ எழுது பிள்ளே, யாராவது வருவாங்கல்லா" என்பார்கள்.

என் கேள்வி இதுதான். மழையில் இடிந்த ஓடைச் சுவர், தூர்ந்த குளம், நின்றுபோன பஸ், ரேஷன் கடைக்குச் சொந்தக் கட்டடம் என்று விதவிதமாக அடித்துக் கொடுக்கிறேன். அப்புறம் அவை என்ன ஆகின்றன என்று எனக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. ஆனால் உறுப்பினர் நல்லவரா மோசமா என்று எல்லோருக்கும் தீர்ப்பு இருக்கிறது. ஒரு அம்மச்சிக்குத் தன் பேத்தி கல்யாணத்துக்கு உறுப்பினர் வந்தது போதும். ஜங்ஷனில் ஹைமாஸ் லைட் வந்ததால் ஒருவருக்குப் பிடிக்கும், அது தன் வீட்டுப் பக்கம் வராததால் இன்னொருவருக்குப் பிடிக்காது.

வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தைப் படித்துப் பார்த்தேன். சொத்தும் வழக்கும் தெரிகிறது, வேலை தெரியவில்லை. அடுத்த தேர்தலுக்குள் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன். அதில் எதையெல்லாம் எழுத வேண்டும்? தயவுசெய்து கட்சிச் சண்டை வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம்.

கடைவரம்பு:

கல்யாணத்துக்கு ஒரு பக்கம், கருமாதிக்கு ஒரு பக்கம், கோயில் கொடைக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். நோட்டு நிறைந்துவிடும்.

பழைய ஓவர்சியர்:

கிண்டல் இருக்கட்டும். தங்கச்சி, நான் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் பணத்தைப் பிடி.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உண்டு. அந்தப் பணம் அவர் கைக்கு வராது. அவர் எந்த ஊரில் என்ன வேலை என்று எழுதிக் கொடுப்பார், மதிப்பீடு போட்டுப் போனால் கலெக்டர் நிர்வாக அனுமதி கொடுப்பார், ஒன்றியமோ பேரூராட்சியோ நகராட்சியோ டெண்டர் விட்டுச் செய்யும். அதனால் வேலை நடக்கவில்லை என்றால் அவர் பரிந்துரையே செய்யவில்லையா, அனுமதி நின்றதா, டெண்டர் எடுக்க ஆள் வரவில்லையா, எடுத்தவர் பாதியில் போட்டுவிட்டுப் போனாரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஊரில் எல்லாவற்றையும் அவர் தலையில் போடுவார்கள். வேலை நடந்துவிட்டால் மட்டும் பேனரில் ஒன்பது பேர் படம் வரும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) ஒரு மனுப் போடு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். நாகர்கோவில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுது. உறுப்பினர் பரிந்துரைத்த வேலைகள், அனுமதி தந்த தேதி, மதிப்பீட்டுத் தொகை, செலவான தொகை, முடிந்த தேதி என்று ஆண்டுவாரியாகக் கேள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதே. ஏட்டில் இருப்பதைத்தான் கொடுப்பார்கள், காரணம் விளக்கிக் கொண்டிருக்க மாட்டார்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவின்படி (எண்ணெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம்) வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும் போட்ட பொருளின் மாதிரி எடுக்கவும் உனக்கு உரிமை இருக்கிறது. அதைக் கேட்டு ஒரு வரி எழுதினாலே அலுவலகத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். நான் அந்த நாற்காலியில் இருந்தவன்.

பட்டியல் வந்ததும் எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று பார். ஒரே ஜங்ஷனைச் சுற்றி லைட்டும் நிழற்குடையுமாக இருக்கிறதா, மலையோரக் குடியிருப்புக்கும் போயிருக்கிறதா? எனக்கு இதுதான் முதல் அளவுகோல். மொத்தத் தொகையைச் செலவழித்துவிட்டார் என்பது பெரிய சாதனை இல்லை.

கடைவரம்பு:

அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் 3 கோடியில் முடிகிற பிரச்சினையா நம்முடையது? நான் அகஸ்தீஸ்வரம் பக்கத்துக்காரன், சானலின் (பாசனக் கால்வாயின்) கடைசி மடை எங்களுடையது. பேச்சிப்பாறை அணையைத் திறந்தாலும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்து சேருவதற்குள் கன்னிப்பூ (முதல் போக நெல்) நாற்று முற்றிவிடும். சானல் தூர்வார நீர்வளத்துறைதான் பணம் ஒதுக்க வேண்டும். அதற்கு உறுப்பினர் சென்னையில் பேச வேண்டும். ஆகவே என் நோட்டில் முதல் பக்கம் சட்டசபைக்கு.

2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையாகக் காட்டுகிறார்கள். பார்த்துப் பழகினால் வித்தியாசம் தெரியும். ஒருவர் எழுந்து தலைவரைப் புகழ்ந்து முடிப்பதற்குள் பேரவைத் தலைவர் "கேள்விக்கு வாருங்கள்" என்பார். இன்னொருவர் எந்தச் சானல், எந்த இடத்தில் உடைப்பு, போன தடவை என்ன பதில் சொன்னீர்கள் என்று துணைக்கேள்வி போடுவார். அமைச்சர் "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று சொன்னால் அது ஒன்றுமில்லை. "இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்" என்று சொன்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். அமைச்சர்கள் சபையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று சட்டமன்றத்தில் இருக்கிறது. அந்தப் பதிலின் தேதியைக் குறித்து வைத்து, அடுத்த ஆண்டு அந்தத் துறை தன் செலவுக்குச் சபையில் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை வரும்போது கொள்கை விளக்கக் குறிப்பில் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது. அப்போது உறுப்பினரிடம் போய், ஐயா நீங்கள் வாங்கின வாக்கு என்னாயிற்று என்று கேட்கலாம்.

மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்பதைக் குறிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கட்சிக் கொறடா சொன்னபடிதான் கை தூக்க வேண்டும், மீறினால் பதவிக்கே ஆபத்து.

கடப்புறத்தான்:

இரண்டு பேரும் பேப்பரையே பேசுகிறீர்கள். ஒக்கிப் புயல் அடித்தது 2017 நவம்பர் 30. அந்த நாட்களில் யார் எங்கள் ஊருக்கு வந்தார்கள், யார் கரையில் எங்களோடு நின்றார்கள் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை எந்த ஆர்டிஐ-யில் வாங்குவீர்கள்? அம்மச்சி கல்யாணத்தைச் சொன்னதை நான் சிரிக்க மாட்டேன். நேரில் வந்தவரிடம்தான் நாளைக்கு அதட்டிக் கேட்க முடியும்.

ஆனால் வந்து நின்றால் மட்டும் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் போகாது. அங்கே வள்ளம் கவிழ்ந்து ஆள் இறக்கும்போதெல்லாம் எல்லாக் கட்சியும் வரும், மாலை போடும். அக்காவுக்கு ஒரு வழி சொல்கிறேன். சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வந்து ஆய்வு செய்யும். அதற்கு முன்னால் பொதுமக்கள் மனு அனுப்பலாம் என்று கலெக்டர் அலுவலகத்திலிருந்து செய்திக்குறிப்பு வரும். ஊர்ப் பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். வேலை கேட்டோ, பட்டா கேட்டோ, கோர்ட்டில் கிடக்கும் வழக்கைப் பற்றியோ எழுதினால் எடுக்க மாட்டார்கள். நீங்கள் அடிக்கிற ஓடைச் சுவர் மனுவெல்லாம் அங்கே போக வேண்டியது. பத்திரிகையில் உள்பக்கத்தில் நாலு வரியாக வரும், கண்ணில் படாமல் போய்விடும்.

மனு எழுதுகிறவள்:

எல்லோருக்கும் நன்றி. கடப்புறத்து அண்ணன் சொன்னதும் உறைத்தது, ஆனால் யார் வந்தார் என்பதை ஊர் எப்படியும் மறக்காது, அதை நான் எழுத வேண்டியதில்லை. நான் எழுதாவிட்டால் காணாமல் போகிறதை எழுதுகிறேன்.

மதிப்பெண் போடும் எண்ணத்தை விட்டுவிட்டேன். இனி மனு அடிக்கும்போதே, கொடுக்கிறவர் சம்மதித்தால், தேதி, ஊர், எந்தத் துறை என்று ஒரு வரி எழுதிக்கொள்வேன். எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுத்தால் லெட்டர் பேடில் பரிந்துரை வாங்கி அதன் நகலையும் கொண்டுவரச் சொல்வேன். இப்போது ஒருத்தர்கூட நகல் வைத்துக்கொள்வதில்லை, ஜெராக்ஸ் கடைக்காரி நான் சொன்னால் வியாபாரத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள்!

இன்னொரு சிக்கல். கிராம ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்த பிறகு, குடிநீர்க் குழாய் உடைந்ததைக்கூட எம்.எல்.ஏ.வுக்கு எழுதச் சொல்லி வந்தார்கள். வார்டு உறுப்பினர் பார்க்க வேண்டிய வேலை. அதை எம்.எல்.ஏ. கணக்கில் சேர்ப்பது நியாயமா?

பழைய ஓவர்சியர்:

சேர்க்காதே. அதைத் தனிப் பக்கத்தில் போடு. ஆனால் தூக்கியும் போடாதே. குழாய்க்கு எம்.எல்.ஏ.வைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்பதை உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதைப் பற்றிச் சபையில் அவர் வாய் திறந்தாரா என்பதோடு வைத்துப் பார்க்க உதவும்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நிறைவேறாமல் கிடக்கும் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். இரண்டு தொகுதியின் அந்தப் பட்டியலையும் கேட்டு வாங்கு. ஊர் கேட்டது ஒன்றும் அவர் எழுதியது வேறாகவும் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மனு எழுதுகிறவள்:

அண்ணாச்சி, அதையும் நிதிப் பட்டியலையும் ஒரே மனுவில் கேட்கலாமா?

பழைய ஓவர்சியர்:

வேண்டாம். பத்துக் கோரிக்கை கலெக்டர் அலுவலகம், நிதி ஊரக வளர்ச்சி முகமை. ஒன்றாகப் போட்டால் இவர் அவருக்கு அனுப்பினேன் என்பார், அவர் வரவில்லை என்பார். தனித்தனியாக, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பு.