கடலோரத்தில் புன்னை வளர்ப்பு: ஓடு, ஆணிவேர், உப்புக்காற்று

கன்னியாகுமரி மாவட்டத்தின் நான்கு ஊர்க்காரர்கள் புன்னை வளர்ப்பு பற்றிச் சொன்னவை, அவரவர் ஊர்ப் பெயரின் கீழ்.

முட்டம்:
புன்னை முளைக்கவில்லை என்று ஒரு மாதத்திலேயே மண்ணைக் கிளறிக் கொட்டையை வீசிவிடாதீர்கள். ஓட்டோடு போட்டால் முளை வர ஏறக்குறைய 2 மாதம் ஆகும். ஓட்டில் கீறல் விழத் தட்டிப் போட்டால் 5, 6 வாரம். ஓட்டை முழுக்க நீக்கிப் பருப்பை ஊன்றினால் 3 வாரம் போதும். செங்கல் மேல் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். பருப்பு நசுங்கினால் அழுகிப்போகும்.

மரத்தடியில் புதிதாக விழுந்த காயாகப் பொறுக்குங்கள். வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டை இன்னும் வசதி, தோலுரிக்கும் வேலை மிச்சம். 6க்கு 9 அங்குலப் பையில் செம்மண் 2 பங்கு, மணல் 1, மட்கிய சாணம் 1. ஓர் அங்குல ஆழம். பாதி நிழல். தினமும் ஈரம் இருக்கணும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது.

ராஜாக்கமங்கலம்:
முட்டம் அண்ணாச்சி சொன்னதோடு இன்னும் ஒன்று. பையில் எத்தனை நாள் கிடக்கிறது என்பதுதான் பின்னால் மரத்தின் பலம். ஆணிவேர் பையின் அடியைத் தொட்டதும் சுருள ஆரம்பிக்கும். சுருண்ட வேரோடு நட்ட கன்று மேலே செழிப்பாகத்தான் தெரியும், அடியில் பிடிமானம் இருக்காது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த மாவட்டம் இது, வேரில் அலட்சியம் வேண்டாம். முழ உயரம் வந்ததும் நட்டுவிடுங்கள். நர்சரியில் வாங்குவதானால் பெரிய கன்றுக்கு ஆசைப்படாதீர்கள். நடும்போது பையின் அடியை அரை அங்குலம் அறுத்துப் பாருங்கள். சுருள் இருந்தால் கூரான கத்தியால் அதை வெட்டிவிட்டு நடலாம்.

குழி 2 அடிக்கு 2 அடி, ஆழமும் அதுவே. கடல் மணல் என்றால் அடியில் கதம்பையை (தேங்காய் மட்டையை) குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி ஒரு வரிசை அடுக்கி, மேலே செம்மண்ணும் சாணமும் கலந்து நிரப்புங்கள். கதம்பை ஈரத்தைப் பிடித்து வைக்கும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் முதல் வாரம் நட்டால் முதல் சில மாதம் மழையே பார்த்துக்கொள்ளும்.

குளச்சல்:
புன்னைக்கு உப்புக்காற்று தாங்கும் என்பது வளர்ந்த மரத்துக்குப் பொருந்தும். இளங்கன்றின் கொழுந்து கருகும். கடல் பக்கம் ஓலைத் தட்டி ஒன்று 2 வருஷம் நிற்கட்டும். காற்று ஓய்ந்த மறுநாள் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். யூரியா போட்டுத் தளதளவென வளர்க்கப் பார்க்கிறவர்கள் உண்டு. தளிர் மென்மையாக வந்தால் முதலில் கருகுவது அதுதான், சாணமே போதும். ஜனவரி முதல் மே வரை வாரம் 2 தடவை, தடவைக்கு 10 லிட்டர். மூன்றாம் வருஷம் படிப்படியாகக் குறைத்துவிடலாம்.

தக்கலை:
வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நடலாம் என்று ஓர் அக்கா கேட்டிருந்தார்: சுவரிலிருந்து 20 அடி விடுங்கள். மெதுவாக வளரும் மரம், ஆனால் தலை நன்றாக விரியும். ஓட்டுக்கூரை மேல் கிளை நீண்டால் காய் விழுந்து ஓடு உடையும்.

கழிப்பது பிப்ரவரியில், கீழ்க்கிளையை மட்டும். உச்சியை வெட்டினால் இரண்டு மூன்று தலை கிளம்பும், பெருங்காற்றில் அந்தக் கவடுதான் பிளக்கும். வெட்டும்போது வரும் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அரிவாளை எடுக்காதீர்கள்.

காய்ப்பு 7, 8 வருஷத்தில் எதிர்பார்க்கலாம். எண்ணெய்க்கு என்றால் பச்சைப் பருப்பைச் செக்குக்குக் கொண்டுபோய்ப் பலனில்லை. வெளுத்த பருப்பு, ஒன்றிரண்டு மாதம் காய்ந்து கருஞ்சிவப்பாகிக் கையில் பிசுபிசுக்கும்போதுதான் எண்ணெய் கூடும். விளக்கு எரிக்கவும் வள்ளத்துக்கு (படகுக்கு) பூசவும் ஆகும், சமையலுக்கு ஆகாது. புட்டியில் பெயர் எழுதி, அடுக்களைக்கு வெளியே வையுங்கள்.