“அரை மணித்தியாலத்தில் போய்விடலாம்” என்று எழுதியவர் எந்த பஸ்ஸில் போனார்?

பழைய அருணாசலம்:
வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளுக்கு அறிவுரை என்று யாரோ ஒருவர் எழுதியது ஒவ்வொரு தொலைபேசியாக ஏறி இறங்கி, நேற்று என் தங்கையின் மகளிடமும் வந்து சேர்ந்தது. அதில் ஒரு பந்தியை அப்படியே தருகிறேன்: “மட்டக்களப்பு நகரத்துப் பிள்ளைகள் விடுதிக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வந்தாறுமூலைக்கு அரை மணித்தியாலத்தில் போய்விடலாம். வீட்டுச் சோறு, வீட்டுக் கட்டில், ஒருவருடைய தொல்லையும் இல்லை.”

அரை மணித்தியாலமாம்! ஊறணி, சத்துருக்கொண்டான், பிள்ளையாரடி, தன்னாமுனை, மயிலம்பாவெளி, ஏறாவூர், செங்கலடி. இவற்றில் எந்த இடத்தில் பஸ் நிற்காமல் போகும் என்று அந்த அறிவாளி சொல்லட்டும். காலையில் ஏறாவூரைத் தாண்டுவதற்குள்ளேயே அவருடைய அரை மணித்தியாலம் முடிந்துவிடும். நேரத்தைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர் ஒரு பிள்ளை நான்கு வருடம் எங்கே தூங்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்.

கல்லடிக்காரன்:
ஐயா, அந்த அறிவாளி நான்தான். வணக்கம்.

பல்கலைக்கழகம் நகரத்திலிருந்து 16 கிலோமீற்றர். மணிக்கு 32 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பஸ் அதை அரை மணித்தியாலத்தில் கடக்கும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் கணக்கு. உங்கள் காலத்தில் அந்தப் பரீட்சை இருந்ததோ தெரியாது. நான் பட்டம் முடிக்கும்வரை வீட்டிலிருந்தே போய் வந்தேன். ஒரு விரிவுரையையும் தவறவிடவில்லை.

பழைய அருணாசலம்:
பஸ் நிற்காமல் ஓடினால் 32. அது எங்கே நிற்காமல் ஓடுகிறது? தம்பி கணக்கை எழுதிவிட்டுத் தரிப்பிடங்களை அழித்துவிட்டார்.

படிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பேராதனையில் அருணாசலம் விடுதியில் இருந்தவன். 1952 இல் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பல்கலைக்கழகத்தை நகர்த்தும்போது துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் மனதில் இருந்தது ஒரே எண்ணம்தான்: மாணவன் அங்கேயே தங்க வேண்டும், அங்கேயே சாப்பிட வேண்டும், இரவு பதினொரு மணிக்கும் அங்கேயே வாதாட வேண்டும். அருணாசலம், ஜயதிலக, மார்ஸ், ராமநாதன், சங்கமித்தா, ஹில்டா ஒபயசேகர என்று விடுதிகளைக் கட்டினார்கள். யாழ்ப்பாணத்தான், மட்டக்களப்பான், மாத்தறையான் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். நான் சிங்களம் படித்தது புத்தகத்தில் இல்லை, அந்த மேசையில். விடுதியில் இருக்காதவன் பல்கலைக்கழகத்துக்குப் போனவனே இல்லை. வகுப்புக்குப் போனவன், அவ்வளவுதான்.

கல்லடிக்காரன்:
அப்படியானால் என் பட்டத்தை யாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் ஐயா? விலாசம் தாருங்கள், அரை மணித்தியாலத்தில் கொண்டுவந்து தருகிறேன்.

செங்கலடிச் சந்தி:
நான் அந்த வீதியோரத்திலேயே இருப்பவள். இரண்டு பேரும் மிகைப்படுத்துகிறீர்கள். திருகோணமலை பஸ் என்றால் விரைவாக வரும். வாழைச்சேனை பஸ் ஆளுக்கு ஆள் நிறுத்திக்கொண்டு வரும். அதைவிட ஒரு வழி இருக்கிறது. விடுதியும் வேண்டாம், நகரத்திலிருந்து அலைச்சலும் வேண்டாம். பக்கத்திலேயே நல்ல வீடுகளில் அறை எடுத்துத் தங்கலாம். நடந்தே போகலாம்.

பழைய அருணாசலம்:
தங்கச்சி, உங்கள் மேல்மாடியில் எத்தனை அறைகள் காலியாக இருக்கின்றன என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாமே.

செங்கலடிச் சந்தி:
வாடகைக்கு விடுவது களவா? பிள்ளைகளுக்குக் கிணறும் குசினியும் கொடுத்து, என் சொந்தப் பிள்ளைகளைப் போலப் பார்க்கிறேன். உங்களுக்கு என்ன வந்தது?

பழைய அருணாசலம்:
எனக்கு ஒன்றும் வரவில்லை. திருகோணமலை பஸ் “விரைவாக” வரும் என்றீர்களே, அரை மணித்தியாலத்தில் வருமா வராதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

புதுமுகம்:
எல்லோருக்கும் வணக்கம். நான் ஆரையம்பதி. விவசாய பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். விடுதிக்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு முடிவும் இல்லை. அப்பா வேண்டாம் என்கிறார். யாராவது சொல்லுங்கள்.

கல்லடிக்காரன்:
பாருங்கள், ஆரையம்பதியிலிருந்துகூட ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம்.

பழைய அருணாசலம்:
ஆரையம்பதியிலிருந்து ஒரு மணித்தியாலமா? காத்தான்குடிப் பிரதான வீதியில் காலை ஏழு மணிக்கு நீங்கள் என்றைக்காவது நின்றிருக்கிறீர்களா? பிறகு கல்லடிப் பாலம். பிறகு நகரத்தில் இறங்கி இன்னொரு பஸ். கல்லடிப் பழைய பாலம் 1924 இல் கட்டியது. அதன் மேலே ஒரு வாகனம் வந்தால் மற்றது காத்துக்கிடந்த காலத்தையும் நான் பார்த்தவன்.

கல்லடிக்காரன்:
புதிய பாலம் 2013 இல் திறந்தாகிவிட்டது ஐயா. நீங்கள் இன்னும் பழைய பாலத்திலேயே காத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

படுவான்கரையாள்:
நகரத்து ஆட்கள் அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு சண்டை பிடிப்பதை வாசிக்க ஆச்சரியமாக இருக்கிறது. நான் வாவிக்கு மேற்கே, வெல்லாவெளிப் பக்கம். படிக்கும் காலத்தில் விடுமுறைக்கு வீட்டுக்குப் போவதென்றால் மட்டக்களப்பில் ஒரு பஸ் மாறி, களுவாஞ்சிக்குடியில் இறங்கி, குருமண்வெளியில் படகு ஏறி மண்டூரில் இறங்க வேண்டும். காற்று அடித்தால் படகும் இல்லை. எங்களுக்கு விடுதி என்றால் கட்டில், மின்விளக்கு, இரவு படிக்க ஒரு மேசை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் விடுதியில் இடம் மட்டுப்பட்டது. நகரத்துப் பிள்ளைகள் வேடிக்கைக்காக விண்ணப்பித்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் குறையும். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கல்லடிக்காரன்:
அதைத்தான் நானும் எழுதினேன்! நகரத்துப் பிள்ளைகள் விடுதியை விட்டுக்கொடுக்கட்டும் என்று.

பழைய அருணாசலம்:
நீங்கள் அப்படி எழுதவில்லை தம்பி. வீட்டுச் சோறு என்றுதான் எழுதினீர்கள். விட்டுக்கொடுப்பது இப்போது படுவான்கரைத் தங்கச்சி சொன்ன பிறகு வந்தது.

தேம்ஸ்கரை மட்டக்களப்பான்:
நீங்கள் எல்லோரும் விடுதியையும், மாணவர் தங்கிச் சாப்பிட்டுக் கூடி வாழும் வசிப்பிடக் கல்லூரியையும் ஒன்றாகக் குழப்புகிறீர்கள். இங்கே இங்கிலாந்தில் என் மகள் டர்காமில் படிக்கிறாள். கேம்பிரிட்ஜில் 31 கல்லூரிகள், விண்ணப்பிக்கும்போதே ஒன்றைத் தெரிவுசெய்யலாம். விரும்பாவிட்டால் கல்லூரி சொல்லாமலும் விண்ணப்பிக்கலாம், அவர்களே ஒன்றில் சேர்ப்பார்கள். விரிவுரை பல்கலைக்கழகத்தில், ஓரிருவராக உட்கார்ந்து ஆசிரியரிடம் படிப்பது கல்லூரி ஏற்பாட்டில். அமெரிக்காவின் யேலில் 14 கல்லூரிகள், ஆனால் தெரிவு மாணவர் கையில் இல்லை, அவர்களே பிரித்துப் போடுவார்கள். டர்காமில் ஒரு கல்லூரி பழைய கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. மாணவர்கள் கோட்டையில் தூங்குகிறார்கள்! எனவே முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று வரையறுத்துக்கொண்டால்…

செங்கலடிச் சந்தி:
கோட்டையில் தூங்குவதற்கு வாடகை எவ்வளவு அண்ணன்? என் அறை அதைவிட மலிவாக இருக்கும்.

கல்லடிக்காரன்:
கோட்டை எங்களிடமும் இருக்கிறது. ஒல்லாந்தர் கட்டியது. அதில் அரசாங்கக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம் நடத்தினோம், பிள்ளைகளைத் தூங்க வைக்கவில்லை.

பழைய அருணாசலம்:
ஒல்லாந்தர் கட்டவில்லை. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1638 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். சொந்த ஊர்க் கோட்டையைக் கட்டியவன் யார் என்று தெரியாதவர் சொந்த ஊர் பஸ்ஸுக்கு நேரம் சொல்கிறார்.

தேம்ஸ்கரை மட்டக்களப்பான்:
நான் சொல்ல வந்தது அதுவல்ல. கல்லூரியைத் தெரிவுசெய்யும்போது தூரம், சாப்பாடு, எத்தனை பேர் என்று…

பழைய அருணாசலம்:
தூரம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். உங்கள் மகளின் கல்லூரியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு எத்தனை நிமிடம்? அதைச் சொல்லுங்கள் பார்ப்போம். ஏறாவூர்ச் சந்தை அங்கே குறுக்கே வருகிறதா?

ஒலுவில் அலை:
அம்பாறை மாவட்டத்தை மறந்துவிட்டு முழு விவாதமும் நடக்கிறது, வழக்கம்போல. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. 1995 இல் அப்போதைய அமைச்சர் அஷ்ரப் அவர்களின் முயற்சியால் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தது. எங்களிடம் எந்தப் பீடம் என்பதுதான் முதல் கேள்வி. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில், மற்றவை ஒலுவிலில். நிந்தவூர்ப் பையன் ஒலுவிலுக்குத் துவிச்சக்கரவண்டியில் போவான். பொறியியலுக்கு வரும் குருநாகல் பையன் என்ன செய்வான்? அவனுக்கு விடுதிதான் ஊர். அவனோடு பழகியதால்தான் நானும் சிங்களம் பேசுகிறேன், அருணாசலம் ஐயா சொன்ன மாதிரி. ஆனால் அதற்காகப் பேராதனைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

பழைய அருணாசலம்:
மகிழ்ச்சி மகன். ஆனால் வந்தாறுமூலையும் பேராதனையின் பிள்ளைதான். 1981 இல் தொடங்கும்போது பேராதனையோடு இணைத்துத்தான் தொடங்கினார்கள்.

கல்லடிக்காரன்:
அது பல்கலைக்கழகக் கல்லூரி. 1986 ஒக்டோபர் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். பிள்ளை வளர்ந்து தனிக்குடித்தனம் போய் இவ்வளவு காலம் ஆன பிறகும் தாய் வீட்டுப் பெருமையா? இன்னொன்று. ஜெனிங்ஸ் நினைத்த அந்தப் பேராதனையே நிலைக்கவில்லை. 1960 இலிருந்து கலைப் பீடத்தில் தாய்மொழியில் படிக்கப் பிள்ளைகள் குவிந்தார்கள், எல்லோருக்கும் விடுதி என்ற கதை அதோடு முடிந்தது. நீங்கள் போன காலத்தில் உங்கள் அறையில் பதிவில் எத்தனை பேர், பாயில் எத்தனை பேர்?

பழைய அருணாசலம்:
பாயில் படுத்தவர்களும் பல்கலைக்கழகத்தில்தான் படுத்தார்கள். பஸ்ஸில் தூங்கவில்லை.

படுவான்கரையாள்:
விடுதியைப் புகழ்கிறவர்கள் பகிடிவதையைப் பற்றி, மூத்த மாணவர்கள் புதியவர்களை வதைப்பதைப் பற்றி, ஏன் ஒரு சொல்லும் எழுதவில்லை? 1997 இல் பேராதனையில் பொறியியல் மாணவர் ஒருவர் அதனால் இறந்தார். 1998 இல் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் பெற்றோருக்குப் பயம் போகவில்லை. புதுமுகம் தங்கச்சியின் அப்பா வேண்டாம் என்பது அதனாலாக இருக்கலாம். பயப்படுகிறவரிடம் மேசைக் கதை சொல்லிப் பயனில்லை. முதல் வாரத்திலேயே காப்பாளர் யார், முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்று பெயரையும் இலக்கத்தையும் பிள்ளையின் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கல்லடிக்காரன்:
“ஒருவருடைய தொல்லையும் இல்லை” என்று நான் எழுதியது இதைத்தான். வீட்டிலிருந்து போனால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு நீ யார் நான் யார்.

பழைய அருணாசலம்:
பகிடிவதை குற்றம், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் அது பகலில் நடக்காதா? சிற்றுண்டிச்சாலையில் நடக்காதா? தம்பியின் பஸ் ஐந்து மணிக்குப் புறப்படுகிறதாம். ஆறு மணிக்கு வீடு, குளித்துச் சாப்பிட எட்டு. நூலகத்தில் எப்போது உட்கார்ந்தார்? ஆய்வுகூடம் முடியப் பிந்தினால் என்ன செய்தார்? கணக்கு எழுதியவர் திரும்பி வரும் அரை மணித்தியாலத்தை எழுதவேயில்லை. போக ஒன்று, வர ஒன்று. இரண்டும் பொய்.

கல்லடிக்காரன்:
ஆறு மணிக்கு வீடு என்று நீங்கள்தான் எழுதுகிறீர்கள். ஐந்தரைக்கு வீட்டில் இருப்பேன்.

செங்கலடிச் சந்தி:
ஐந்தரைக்கு வந்தாறுமூலைச் சந்தியில் நின்றுகொண்டிருப்பீர்கள். தினமும் பார்க்கிறேனே, நிரம்பி வழியும் பஸ் நிறுத்தாமல் போகும். பிள்ளைகள் கையைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

பழைய அருணாசலம்:
சாட்சி வந்துவிட்டது. நன்றி தங்கச்சி. மேல்மாடியைப் பற்றிச் சொன்னதை மனதில் வைக்க வேண்டாம்.

செங்கலடிச் சந்தி:
வைத்திருக்கிறேன்.

புதுமுகம்:
விண்ணப்பப் படிவத்தில் வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள தூரம் என்று ஓர் இடம் இருக்கிறது. ஆரையம்பதியிலிருந்து எவ்வளவு போடுவது?

கல்லடிக்காரன்:
நேரம் கேட்கவில்லை, தூரம்தானே கேட்கிறார்கள். பார்த்தீர்களா ஐயா, பல்கலைக்கழகத்துக்கே நேரம் முக்கியமில்லை.

ஒலுவில் அலை:
அந்தப் பிள்ளை கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே. தங்கச்சி, விண்ணப்பித்து வையுங்கள். முதல் வருடத்தாருக்குத்தான் பொதுவாக முதலில் இடம் கொடுப்பார்கள். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், கேட்காமல் விட்டுப் பிறகு கேட்டால்தான் கஷ்டம்.

பழைய அருணாசலம்:
சரியாகச் சொன்னீர்கள் மகன். விண்ணப்பிக்கட்டும். அந்த அறிவுரைத் தாளையும் சேர்த்து இணைக்கட்டும், பதிவாளர் அலுவலகத்தில் சிரித்துப் பல நாளாகியிருக்கும். தம்பிக்கு ஒரு சவால். திங்கட்கிழமை காலை ஏழு மணி, மட்டக்களப்பு பஸ் நிலையம். நான் மணிக்கூட்டோடு வருகிறேன். முதலில் வரும் பஸ்ஸில் ஏறுவோம்.

கல்லடிக்காரன்:
முதலில் வரும் பஸ் ஏன்? திருகோணமலை பஸ்ஸில் ஏறுவோம். நான் படித்த காலத்தில் அதில்தான் போனேன்.

பழைய அருணாசலம்:
ஆகா. இப்போதுதான் “திருகோணமலை பஸ்ஸில்” என்று வருகிறது. அறிவுரையில் அந்தச் சொல் எங்கே? பிள்ளைகள் காலையில் கிடைத்த பஸ்ஸில் ஏறுவார்களா, உங்கள் பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்களா? காத்திருக்கும் நேரம் கணக்கில் உண்டா?

கல்லடிக்காரன்:
காத்திருப்பது பயணம் இல்லை.

படுவான்கரையாள்:
மண்டூர்த் துறையில் நான் காத்திருந்தது அப்படியானால் என்ன?

தேம்ஸ்கரை மட்டக்களப்பான்:
நண்பர்களே, நான் கேட்ட வரையறைக்கு இன்னும் ஒருவரும்…

பழைய அருணாசலம்:
திங்கள் ஏழு மணி. எந்த பஸ் என்பதைச் சந்தியில் நிற்கும் தங்கச்சி தீர்மானிக்கட்டும், வந்து சேரும் நேரத்தை அவரே எழுதட்டும்.

கல்லடிக்காரன்:
அவர் அறை வாடகைக்கு விடுகிறவர். அவருடைய மணிக்கூட்டை நான் ஏற்க மாட்டேன்.