வன உரிமைப் பட்டா (2006 வன உரிமைச் சட்டப்படி, காட்டு நிலத்தை அனுபவித்து வருபவர்களுக்குத் தரும் உரிமைப் பத்திரம்): அளந்தவர்கள், வாங்கினவர்கள், கிடைக்காதவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

மலையடிவாரம்:
2018. ஜி.பி.எஸ். கருவியைக் கையில் பிடித்து நடந்தவன் நான். மனுவில் இரண்டரை ஏக்கர், நிலத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருந்தது. மேலேயிருந்து வந்த பட்டியலில் 62 சென்ட். திரும்பப் போய் அதற்குக் கல் நட்டோம். மனு போட்ட பாட்டி இருளர். கூடவே நடந்தார், ஒன்றும் பேசவில்லை. கடைசிக் கல் நட்டதும் திரும்பிப் பார்த்து, "சாமி, பலாமரம் உள்ளயா, வெளியயா?" என்றார். அவர் அம்மா வைத்த மரம். வெளியே. நான் கருவியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

ராகிக்காட்டுப் பொண்ணு:
எங்களுக்குக் கிடைத்தது. ஒன்றரை ஏக்கர், அம்மா அப்பா இரண்டு பேர் பெயரிலும். அம்மா லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். சோலார் வேலி போடக் கடன் கேட்க அதைக் கழற்றிக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனோம். மேனேஜர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விக்க முடியாது, வாரிசுக்குத்தான் போகும்னு இருக்கேம்மா. இதை வெச்சு நான் என்ன பண்றது?" அம்மா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததே அந்த வரியைத்தான்.
ஆனால் ஒன்று, பட்டா வந்த பிறகுதான் மேட்டில் மிளகும் சில்வர் ஓக்கும் வைத்தோம். அதுவரை ராகி மட்டும்தான். துரத்தினால் ஒரு போகத்தோடு போகட்டும் என்றுதான்.

பழைய வாட்சர்:
எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் உள்ள இடத்துக்குத்தான் உரிமை. சட்டம் வந்த பிறகு வெட்டின அடிமரத்தை என் ரோந்தில் பார்த்திருக்கிறேன், பால் வடிந்துகொண்டிருந்தது. வெட்டினவன் கீழேயிருந்து வந்தவன், மனு மட்டும் ஊர்க்காரன் பெயரில். 62 சென்ட் ஆனது இதனாலும் இருக்கலாம்.

ராகிக்காட்டுப் பொண்ணு:
கீழேயிருந்து வந்தவன் வெட்டினதற்குப் பாட்டியின் பலாமரமா, அண்ணா?

மனு எழுதுபவன்:
என் அனுபவம் சின்னது. ஒரு முறையீட்டு மனு எழுதிக் கொடுத்தேன், ஓர் அலுவலகத்தில் வாங்க மறுத்தார்கள். அதை விடுங்கள். மலையடிவாரம் நண்பர் கவனிக்க: பரப்பைக் குறைத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், 2012 திருத்த விதிகளிலேயே இருக்கிறது. செயற்கைக்கோள் படம் துணைச் சான்றுதான், அதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று காட்டினால் போதும். கல் வரப்பு, கிணறு, இடுகாடு எல்லாம் சான்று. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. மனுவைப் பரிசீலிக்கும் கோட்ட அளவிலான குழு குறைத்திருந்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்குப் போகலாம். அப்புறம், தனிப்பட்டா மட்டும் கேட்காதீர்கள், ஊர் முழுவதற்கும் சேர்த்துக் காட்டின் மேல் தரும் சமூக வன உரிமையும் கேளுங்கள். மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்து மெண்டா லேகா கிராமம் 2009-லேயே வாங்கி, 2011-ல் தன் மூங்கிலைத் தானே விற்றது.

தேன்சிட்டு:
சமூக உரிமை வந்தாலும் எல்லாம் வந்துவிடாது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் 2011-ல் சோளகர் பழங்குடிகளுக்குக் கொடுத்தார்கள். அங்கே ஒரு பெரியவர் கிழங்கு தோண்டும் இடத்தைக் காட்டக் கூட்டிப்போனார். பாதி வழியில் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. கத்தியால் நாலு வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். சருகு மட்டும் எரிய முன்னெல்லாம் சின்னதாகத் தீ வைப்பார்களாம், அதைத் தடுத்த பிறகு இப்படி மண்டிவிட்டது என்றார். உரிமைப் பத்திரத்தில் தீயைப் பற்றி ஒன்றும் இல்லை.

மலையடிவாரம்:
மனு எழுதுபவன் சார், 60 நாள் எப்போதோ போய்விட்டது. எழுத்தில் எந்தக் காரணமும் வரவில்லை. பாட்டியும் இப்போது இல்லை. பலா காய்க்கிறது, யானை வந்து தின்றுவிட்டுப் போகிறது.

மனு எழுதுபவன்:
காரணமே தரவில்லை என்றால் 60 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? கேட்டுப் பார்க்கலாம். பாட்டிக்கு வாரிசு யார்?