மெதுவாக ஊர்ந்தால் பைக் அணைகிறது, வெள்ளிக்கிழமை இறுதி ஊர்வலம்

வணக்கம். டெக்சாஸில் டாலஸில் இருக்கிறேன். எங்கள் தெருவில் இருந்த வியட்நாம் போர் வீரர் காலமாகிவிட்டார். என் மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். குடும்பம் அழைத்ததால், படைவீரர்களின் இறுதிச் சடங்குக்குக் கொடியோடு பைக்கில் வந்து மரியாதை செலுத்தும் பேட்ரியாட் கார்டு ரைடர்ஸ் குழுவினர் வருகிறார்கள். அவர்களோடு டாலஸ்-ஃபோர்ட் வொர்த் தேசியக் கல்லறைத் தோட்டம் வரை நானும் கொடியேந்திப் போகிறேன்.

பைக் 2021 மாடல், 650 சிசி, இரட்டை சிலிண்டர், ஏர்-ஆயில் கூலிங், 14,000 மைல் ஓடியது. மூன்று வாரமாக ஒரே தொல்லை. ஹைவேயில் ஒன்றுமில்லை. 15 மைல் வேகத்தில் இருபது நிமிடம் ஊர்ந்தால், திணறல் எதுவும் இல்லாமல், சுவிட்சை அணைத்தாற்போல் என்ஜின் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் ஆறினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. என்ஜின் லைட் எரியவில்லை.

பிளக் இரண்டும் மாற்றிவிட்டேன். பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கினேன், சார்ஜிங் 14.2 வோல்ட். சைடு ஸ்டாண்டு சுவிட்ச், டேங்க் மூடியின் காற்றுத்துளை இரண்டும் சரி. அப்புறம் கொடிக்கம்பத்தைக் கழற்றியும் ஓட்டினேன், அப்போதும் அணைந்தது. மெக்கானிக்கிடம் அடுத்த மாதம்தான் நேரம் கிடைத்தது.

சவ வண்டிக்கு முன்னால் இரண்டிரண்டாகப் போவோம். நடுவில் என் வண்டி நின்றால் அவருடைய வரிசை குலைந்துவிடும்.

சூடானால் மட்டும் அணைவதற்கு கிராங்க் சென்சார் (என்ஜின் சுழற்சியைக் கண்டறிவது), இக்னிஷன் காயில் (பிளக்கில் தீப்பொறி வர உயர் மின்னழுத்தம் தருவது), இரண்டில் எதை முதலில் மாற்றிப் பார்ப்பது?